செவிப்புலனும் விஞ்ஞானக் கற்பனையும்

கதை முதலில் செவிக்கே உரியதாய் இருந்தது; கண்ணுக்கு உரியதானது பிற்காலத்தில்தான். நம் முன்னோர் இல்லங்களில் சீறாப்புராணத்தை ஒருவர் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்டனர். யூசுபு நபி கிஸ்ஸாவை, எழுத்தறியாத மூதாட்டியரும் ஓர் இரவில் விட்ட இடத்திலிருந்து மறு இரவு தொடரக் கேட்டு உருகினர். தொடர்கதை என்னும் பெயர் வழங்கத் தொடங்குமுன்பே அதன் சுவையை அறிந்த சமுதாயம் நம்முடையது. வள்ளுவப் பெருந்தகை 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். திருமறையும் பல இடங்களில் செவிப்புலனைப் பார்வைக்கு முன்னே வைத்துப் பேசுகிறது. ஹதீஸ் கலை வல்லுநருள் பெரும்பாலோர், ஆசிரியரின் வாய்மொழியை நேரிற் கேட்டுப் பெறும் 'ஸமாஉ' என்னும் முறையையே அறிவைப் பெறும் வழிகளுள் உயர்ந்ததாக மதித்தனர்.

இத்தகைய செவி மரபுடைய நாம், இன்று நம் பிள்ளைகள் கைபேசியில் ஒலித்தொடர்களைக் கேட்பது கண்டு முகஞ்சுளிப்பது முறையாகாது. அவற்றுள் மணி எது, பதர் எது எனப் பிரித்தறியும் அளவுகோலை அவர்கள் கையில் கொடுப்பதே முறை. விஞ்ஞானக் கற்பனையை ஒலி நாடகத் தொடராக ஆக்குவது எவ்வாறு, அதன் தரத்தை அளப்பது எவ்வாறு என்பதையே ஈண்டு ஆராயப் புகுகிறோம். நம் துணிபை முதற்கண்ணே கூறிவிடுகிறோம்: கேட்போரை நம்பவைப்பது அன்று, கேட்போரை ஆராயவைப்பதே இவ்வகை நாடகத்தின் வெற்றி.

நடவாததை நடந்ததுபோல் சொல்வது பொய்யன்றோ எனச் சிலர் வினவுவர். அவ்வினா புதியதன்று. அரபிப் பாடசாலைகளில் நாம் பயின்ற 'மகாமாத்'தின் ஆசிரியர் ஹரீரி, தம் முன்னுரையிலேயே இதற்கு விடை கூற முற்பட்டார். விலங்குகளும் உயிரற்ற பொருள்களும் பேசுவதாக அமைந்த நீதிக்கதைகளை அறிவுடையோர் எவரும் பொய்யென்று தள்ளியதில்லை. நோக்கம் நன்றாயின் புனைவு குற்றமாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். ஆனால் இவ்விடையினுள் ஒரு நிபந்தனை மறைந்து கிடக்கிறது. கேட்பவனுக்கு அது கதை என்று தெரிந்திருக்க வேண்டும். மகாமாத்தின் நாயகன் அபூ ஸைது ஊர்தோறும் வேடம் மாற்றி மக்களை ஏமாற்றுகிறான், வாசகனோ ஏமாறுவதில்லை.

இந்நிபந்தனையை மீறினால் விளைவதென்ன? 1938 அக்டோபர் 30 அன்று, ஆர்சன் வெல்ஸ் என்னும் அமெரிக்கக் கலைஞர், செவ்வாய்க் கோளினர் பூமியைத் தாக்குவதாக எச். ஜி. வெல்ஸ் எழுதிய நாவலை வானொலிச் செய்தி அறிக்கைபோல் நடித்து ஒலிபரப்பினார். மெய்யென்று நம்பிச் சிலர் அஞ்சினர். நாடே கலங்கியதாக மறுநாள் பத்திரிகைகள் எழுதியது மிகை என்று பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். ஆனால் 1949ஆம் ஆண்டில் ஈக்வடார் நாட்டின் கீட்டோ நகர வானொலி அதே உத்தியைக் கையாண்டபோது நேர்ந்தது மிகையன்று. ஏமாற்றப்பட்டதை உணர்ந்த மக்கள் வானொலி நிலையக் கட்டடத்துக்கே தீயிட்டனர்; உயிர்கள் பலியாயின. செவி ஓர் அமானிதம். அதனை நம்பி ஒப்படைத்தவனை வஞ்சிப்பது எத்துணைத் திறமையாயினும் கலையாகாது.

வஞ்சனையின்றியும் இக்கலை வென்றிருக்கிறது. 1953இல் இங்கிலாந்தின் பி.பி.சி. வானொலியில் சார்லஸ் சில்டன் என்பார் 'விண்வெளிப் பயணம்' என்னும் பொருள்பட ஒரு தொடர் நாடகம் தொடங்கினார். தொலைக்காட்சி பரவிவந்த அக்காலத்திலும், சந்திரனுக்குச் சென்ற நால்வரின் குரலைக் கேட்கக் குடும்பங்கள் வானொலிமுன் கூடின. 1978இல் டக்ளஸ் ஆடம்ஸின் நகைச்சுவை மிகுந்த விண்வெளிக் கதை முதலில் வானொலி நாடகமாகவே பிறந்தது. நூலுருவம் பெற்றது பின்னர்தான். நம் நாட்டிலும் கொல்கத்தாவின் தனியார் பண்பலை வானொலி ஒன்று 2009 முதல் ஞாயிறுதோறும் கதைகளை ஒலி நாடகமாக்கி வருகிறது. சத்யஜித் ரேயின் விஞ்ஞானி 'புரொபசர் ஷோங்கு' அவ்வழியே புதிய தலைமுறையின் செவிகளை அடைந்தார்.

தமிழருக்கும் இத்துறையில் திறமைக் குறைவில்லை. 1963இல் திருநெல்வேலி வானொலி நிலையம் தோன்றிய பின்னரும், நம் தென்பாண்டிச் சீமையின் செவிகளில் பாதி இலங்கை வானொலிக்கே உரியதாயிருந்தது. சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' போன்ற தொடர் நாடகங்கள் குடும்பத்தின் இன்பதுன்பங்களைக் குரல்களாலேயே கட்டிக் காட்டின. 1990களின் தொடக்கத்தில் அகில இந்திய வானொலி மனித குலத்தின் பரிணாமம் பற்றிய நெடுந்தொடர் ஒன்றை நாட்டின் பல மொழிகளில் ஒரே காலத்தில் ஒலிபரப்பியது. அத்தொடரின் முடிவுகள் சிலவற்றில் நமக்கு மாறுபாடு இருக்கலாம்; ஆயினும் விஞ்ஞானத்தை வாரந்தோறும் செவிவழிப் புகட்ட இயலும் என்பதை அது மெய்ப்பித்தது.

இனி, தமிழில் பெரும்புகழ் பெற்ற விஞ்ஞானத் தொடர்கதையை எடுத்துக்கொள்வோம். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. பின்னர்த் தூரதர்ஷனில் காட்சித் தொடராயிற்று. கதை நிகழும் காலமாக அவர் குறித்த 2021ஆம் ஆண்டை நாம் கடந்தேவிட்டோம். ஈரெழுத்துப் பெயர்களைத் தாங்கிய மக்கள், குழந்தை பெறவும் அரசின் அனுமதியை நாடும் நிலா, சிந்திக்கத் தொடங்கும் இயந்திர நாய் ஜீனோ, நாட்டை ஆளும் ஜீவா ஆகியோரை வாசகர் மறந்திரார். அந்த ஜீவா மனிதனே அல்லன்; ஒளியால் புனைந்த பிம்பம். அதன்பின் நின்று ஆட்டுவிப்போர் வேறு சிலர்.

இக்கதை செவிக்கு வந்திருப்பின் இன்னும் உயர்ந்திருக்கும் என்பது நம் கருத்து. திரையில் ஜீனோவுக்கு ஏதேனும் ஓர் உருவம் கொடுத்தே தீரவேண்டும். கொடுத்த கணமே கண் அதனை அளந்து முடித்துவிடுகிறது. செவியிலோ ஜீனோ ஒரு குரல் மட்டுமே. இயந்திரம் பேசுகிறதா, உயிர் பேசுகிறதா என்னும் ஐயம், கதையின் உயிர்நாடியான அவ்வையம், இறுதிவரை நம்முடன் வரும்.

ஜீவாவின் நிலை இதனினும் நுட்பமானது. ஒளிப் பிம்பத்தை ஒலியில் காட்டுவது எங்ஙனம் என ஒருவர் கேட்கலாம். நாடக ஆசிரியன் அறிந்தவனாயின் ஜீவாவின் குரலில் மூச்சை நீக்கிவிடுவான். உயிருள்ளோர் பேசும்போது சொற்றொடர்களுக்கிடையே மூச்சு வாங்குவர், எச்சில் விழுங்குவர், ஒரு சொல்லை இருமுறை ஒரே விதமாகச் சொல்லார். ஜீவாவோ மூச்சின்றிப் பேசுவான். நேற்றுக் கூறிய வாழ்த்தை இன்றும் இம்மியும் பிசகாமல் கூறுவான். முதல் பகுதியிலேயே இக்குறிப்பை வைத்துவிட வேண்டும்; யாரும் அதனைச் சுட்டிக்காட்டக் கூடாது. கூர்ந்து கேட்கும் சிறுவன் ஒருவன் ஐந்தாம் பகுதியில் தானே கண்டுபிடித்துத் தன் தாயிடம் கூறுவானாயின், அந்நாடகம் வென்றது. வெல்ஸ் கேட்போரை ஏமாற்றினார். இவ்வுத்தியோ ஏமாற்றைக் கண்டுபிடிக்கக் கேட்போரைப் பழக்குகிறது. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

இனி நம் சமுதாயத்தின் உரிமைப் பொருள்கள் இரண்டு. ஒன்று, வங்கத்து முஸ்லிம் மாதரசி ருகையா ஸகாவத் ஹுஸைன் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு'. இது 1905இல் முதன்முதலாக அச்சேறியது நம் சென்னையிலிருந்து வெளிவந்த பெண்கள் இதழொன்றில் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பெண்கள் ஆளும் நாடு, சூரிய வெப்பத்தைத் திரட்டிச் சமைக்கிறார்கள், வானிலிருந்து நீரை இறக்குகிறார்கள், வானூர்தியில் பறக்கிறார்கள். ஒலி நாடகத்துக்கு இதன் பெருவாய்ப்பு, கதையின் பெரும்பகுதி சுல்தானாவும் தோழி ஸாராவும் பேசும் உரையாடலாய் அமைந்திருப்பது. குறையும் அதுவே. ஒருத்தி வினவ ஒருத்தி விளக்கிக்கொண்டே போனால் செவி சோர்ந்துவிடும். பகைப்படையைச் சூரிய ஒளியாலேயே முறியடித்த நிகழ்ச்சியை ஸாரா முடிந்த கதையாகவே கூறுகிறாள். நாடகமாக்குவோன் அதனை நிகழ்காலத்துக்குக் கொணர்ந்து, படை ஓடும் ஒலியாக நம் செவிக்குத் தருதல் வேண்டும்.

மற்றொன்று, அந்தலூசிய மருத்துவரும் தத்துவ ஞானியுமாகிய இப்னு துஃபைல் இயற்றிய 'ஹய்யிப்னு யக்ளான்'. 1185இல் மறைந்த அவரது இந்நூல் 1671இல் ஆக்ஸ்போர்டில் இலத்தீன் மொழிபெயர்ப்புடன் வெளிவந்து ஐரோப்பியரை வியப்பிலாழ்த்தியது. மனிதரில்லாத் தீவில் ஒரு குழந்தை. அதனைப் பாலூட்டி வளர்ப்பது ஒரு மான். சிறுவன் கண்டும் தொட்டும் சோதித்தும் உலகை அறிந்து, ஏழேழு ஆண்டுப் படிகளாக உயர்ந்து, படைத்தவனை உணர்கிறான். ஏழு படிகள் என்றால் ஏழு பகுதிகள்! தொடர் நாடகத்துக்கு இதனினும் பொருத்தமான அமைப்பை யார் வகுத்துத் தரவல்லார்?

இந்த ஆர்வத்தால் உந்தப்பெற்று, சங்கரன்கோவிலில் நம்மிடம் பயிலும் மாணவர் சிலருடன் ஹய்யின் கதையை ஏழு பகுதிகளாகப் பதிவு செய்ய முற்பட்டோம். முதல் பதிவு படுதோல்வி என்பதை ஒளிக்காமல் கூறவேண்டும். நாயகனுக்கு மொழியே தெரியாது. ஐம்பது வயதை எட்டியபின் அஸாலைச் சந்தித்த பிறகே அவன் பேசக் கற்கிறான். ஆகவே நாம் ஓர் உரையாசிரியரை அமர்த்திப் பத்து நிமிடம் பேசவிட்டோம். கேட்டுப் பார்த்த மாணவன் ஒருவன், "ஹஜ்ரத், இது நாடகமில்லை, நீங்கள் நடத்தும் பாடம்!" என்றான். சொன்னது மெய்.

மூல நூலையே மீண்டும் புரட்டினோம். விடை அதிலேயே இருந்தது. ஹய்யு சிறுவயதில் மானின் குரலையும் பறவைகளின் குரலையும் அப்படியே எழுப்பப் பழகியிருந்தான் என்று இப்னு துஃபைல் எழுதுகிறார். அவன் மொழி அதுவே. ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளையொருவன் தாயாட்டைக் குட்டி அழைக்கும் குரலை எழுப்பினான். மானுக்கு அது போதுமானதாயிற்று. மானின் இதயத் துடிப்பைத் தப்ஸின்மேல் இரு விரல்களால் தட்டி எழுப்பினோம்.

தாய்மான் இறக்கும் கட்டமே கதையின் திருப்புமுனை. ஹய்யு வழக்கமான குரலால் அழைக்கிறான், மறுமொழியில்லை. கண்ணைச் சோதிக்கிறான், செவியைச் சோதிக்கிறான், குறை காணவில்லை. கூரிய கல்லால் மார்பைப் பிளந்து இதயத்தைக் காண்கிறான். அதன் ஓர் அறையில் உறைந்த குருதி. மற்றோர் அறை வெறுமை. அங்கிருந்த ஒன்று போய்விட்டது. தான் தாயென அன்பு செலுத்தியது இவ்வுடலையன்று, போய்விட்ட அதனையே என்று தெளிகிறான்.

அந்த மரணத்தை ஒலியில் காட்டுவதெப்படி என்று பல நாள் திகைத்தோம். நம் ஊரின் நெசவுத் தெருக்களில் விசைத்தறிகளின் ஓசை ஓயாது. எம் பதிவுகளையெல்லாம் கெடுத்தது அதுவே. ஒரு மாலை பதிவு நடந்துகொண்டிருக்கையில் மின்சாரம் நின்றது. தெருவிலிருந்த தறிகள் அனைத்தும் ஒருசேர அடங்கின. அந்த நொடியில் வந்து நின்ற அமைதியை நாம் அதுவரை கேட்டதில்லை. தப்ஸ் தட்டிக்கொண்டிருந்த பிள்ளையும் தன்னையறியாமல் விரலை எடுத்துவிட்டான். பிறகு அந்த ஆட்டுக்குட்டிக் குரல் மட்டும் ஒருமுறை, மறுமுறை. உரையாசிரியருக்கு அங்கே வேலையில்லை. எம் ஏழு பகுதிகளிலும் பாராட்டத்தக்க இடம் அஃதொன்றே. அதுவும் நம் திறமையால் வந்ததன்று.

ஒலி நாடகத்தின் பெருங்கருவி ஓசையன்று, ஓசை நிற்கும் இடம் என்பதை அன்று கற்றோம். இன்றைய ஒலித்தொடர்கள் பலவற்றின் குறையும் இதுவே. இடைவிடாத இசை, இடைவிடாத அலறல், ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் ஒரு பேரதிர்ச்சி! கேட்பவனுக்குச் சிந்திக்க ஒரு நொடியும் விடுவதில்லை. கிஸ்ஸா படித்தோர் இரவில் நிறுத்திய இடம், மறுநாள் பகல் முழுதும் வீட்டார் பேசிக்கொள்வதற்கான இடமாயிருந்தது.

இவ்வளவும் கூறுவது கலைநயம் ஒன்றைக் கருதியன்று. இன்று ஒருவர் குரலை இயந்திரமே போலியாகப் புனையும் காலம் வந்துவிட்டது. வெளிநாட்டிலிருக்கும் மகன் குரலில் பணம் கேட்கவும், ஆலிம் ஒருவர் குரலில் அவர் சொல்லாததைப் பரப்பவும் இயலும். ஜீவாக்கள் கதையைவிட்டு இறங்கி நம் கைபேசிக்குள் குடியேறிவிட்டனர். யாரிடமிருந்து கேட்டாய், அவர் யாரிடமிருந்து கேட்டார் என்று இஸ்னாதைக் கேட்கும் பழக்கத்தைப் பன்னூறாண்டுகளுக்கு முன்பே கற்பித்த மரபின் வாரிசுகள், வந்த குரலையெல்லாம் வினவாமல் பிறருக்கு அனுப்பிக்கொண்டிருப்பது வருந்தத்தக்கது.

நம் பிள்ளைகள் விஞ்ஞான ஒலி நாடகம் கேட்கட்டும். இயன்றால் ஆக்கவும் செய்யட்டும். பொய்க்குரல் ஒன்றைப் புனையத் தன் கையால் முயன்றவன், பிறர் புனைந்த பொய்க்குரலை எளிதில் நம்பான். நாடகம் முடிந்ததும் பெற்றோர் அவர்களிடம் ஒரே ஒரு வினாவைக் கேட்டால் போதும்: அக்குரலில் மூச்சு இருந்ததா?