பத்திராஜவின் ‘பொன்மணி’

‘அஹஸ் கவ்வ’ (1974), ‘பம்பரு எவித்’ (1978) ஆகிய படங்களால் சிங்களத் திரையில் தனிவழி கண்டவர் தர்மசேன பத்திராஜ (1943–2018). யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் கற்பித்த அவர், 1977இல் தமிழில் தந்த ஒரே கதைப்படம் ‘பொன்மணி’. கதைவசனம் காவலூர் இராஜதுரை.

சீதனமும் சாதியும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தை அரிப்பதே கதை. படம் மெதுவாக நகர்கிறது எனலாம். கலியாணத்துக்குக் காத்திருக்கும் குமர்ப்பெண்ணின் நாட்கள் வேறெப்படி நகரும்? அவளது மௌனமே படத்தின் வலிமை.

எம் கதையைச் சொல்ல ஒரு சிங்களக் கலைஞர் முன்வந்தார். தென்னிந்தியப் படங்களில் ஊறிய நாமோ பார்க்க முன்வரவில்லை. படம் சில நாட்களே ஓடியது. சீதனப் பேச்சு எமது தென்மராட்சியில் இன்னும் ஓயவில்லை. முஸ்லிம் வீடுகளையும் அது விட்டுவைக்கவில்லை. ‘பொன்மணி’யை நாம் இனியாவது சேர்ந்திருந்து பார்க்கவேண்டும்.