யோகாசன ஆசிரியரும் அவர் வந்த வழியும்

சங்கரன்கோவிலுக்கு ஆடித் தபசு அன்று வந்தவர்களுக்குக் கதை தெரிந்திருக்கும். அரியும் அரனும் ஒன்றே என்பதைக் காண வேண்டிக் கோமதி அம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்தாள். அந்தத் தவக் கோலத்தைக் காணத்தான் அன்று ஊர் கொள்ளாத கூட்டம். மற்ற நாட்களில், அதே ஊரில், விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒரு மண்டபத்தில் நாற்பது பேர் விரிப்பின்மீது ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். யோகாசன வகுப்பு! அம்மனுக்குக் கற்றுக்கொடுத்தவர் எவருமில்லை. இந்த நாற்பது பேருக்கும் ஒலிபெருக்கியுடன் ஓர் ஆசிரியர் இருக்கிறார். அவர் எங்கிருந்து வந்தார், அவர் சொல்வது எங்கிருந்து வந்தது என்று, வாசகரே, நாம் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

நான் போயிருந்த அன்று அவர் இரண்டு செய்திகளை அழுத்தமாகச் சொன்னார். வேகமாக மூச்சை இழுத்து விட்டால் இரத்தத்தில் பிராணவாயு பெருகும் என்பது ஒன்று. சிரசாசனம் செய்தால் தலைக்கு இரத்தம் பாய்ந்து கண்பார்வை தெளியும் என்பது மற்றொன்று. இரண்டையும் நீங்களும் எங்காவது கேட்டிருப்பீர்கள்.

முதலாவதைப் பார்ப்போம். நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அவருடைய சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபின் 95 சதவீதத்துக்கு மேல் பிராணவாயுவால் நிறைந்திருக்கிறது. நிறைந்த குடத்தில் மேலும் எவ்வளவு ஊற்ற முடியும்? வேக மூச்சினால் குறைவது கரியமிலவாயு. அது குறைந்தால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன; தலை கிறுகிறுக்கிறது, விரல் நுனிகள் மரமரக்கின்றன. அந்தக் கிறுகிறுப்பைத்தான் பலர் ‘சக்தி ஏறுகிறது’ என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது செய்தி ஆபத்தானது. 2006ஆம் ஆண்டில் சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள், சிரசாசனம் பழகியவர்கள் 75 பேரைத் தலைகீழாக நிற்கச் செய்து கண்ணின் உள்ளழுத்தத்தை அளந்து வெளியிட்டார்கள். அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காக உயர்ந்திருந்தது. கண் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா உள்ளவருக்கு இது விளையாட்டல்ல. பார்வை நரம்பு நசிந்தால் திரும்ப வளராது. அன்று சுவரோரமாகச் சிரசாசனம் செய்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், வகுப்பு முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்துக் கண்ணில் விட்டுக்கொண்டார். “கண்ணழுத்தத்துக்கு மருந்து போடுறீங்கன்னு வாத்தியாருக்குத் தெரியுமா, அண்ணாச்சி?” என்று கேட்டேன். “அவரு கேக்கலியே, தம்பி” என்றார்.

அந்த ஆசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர் சொன்னவை அவருடைய சொந்தச் சரக்கு அல்ல. வழிவழியாக வந்தவை, அவற்றுக்கு மூலவர்கள் இருக்கிறார்கள்.

நம் பக்கத்து மனிதரிலிருந்தே தொடங்கலாம். திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் வழியில், பாய்க்குப் பேர்போன பத்தமடையில் 1887இல் பிறந்தவர் சுவாமி சிவானந்தர். துறவியாவதற்கு முன் அவர் மருத்துவர். மலேயாவில் பத்தாண்டுகள் மருத்துவம் பார்த்தவர். ரிஷிகேசத்தில் 1936இல் தெய்வ நெறிக் கழகத்தைத் தொடங்கியபின் அவர் எழுதிக் குவித்த நூல்களைப் புரட்டினால் அந்த மருத்துவர் எங்கும் தென்படுகிறார். இன்ன ஆசனம், இத்தனை நிமிடம், இன்ன நோய்க்கு என்று மருந்துச் சீட்டு எழுதுவதுபோல எழுதுகிறார். சீடர்கள் நிரப்ப வேண்டும் என்று ஒரு நாட்குறிப்புப் படிவமே வகுத்தார்: எத்தனை மணிக்கு எழுந்தாய், எவ்வளவு நேரம் தூங்கினாய், எத்தனை ஆசனம் செய்தாய்? ஆஸ்பத்திரிப் படுக்கையில் தொங்கும் அட்டைதான் நினைவுக்கு வருகிறது. எளிமை இந்த முறையின் பெரிய பலம். குறை என்னவென்றால், சீட்டு எழுதும் மருத்துவர் முதலில் நோயாளியைப் பார்க்கிறார். புத்தகம் யாரையும் பார்ப்பதில்லை.

அடுத்து, உலகெங்கும் இன்று பரவியிருக்கும் ஆசனப் பயிற்சியில் பெரும் பகுதிக்கு மூலவரான திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989). வடமொழியும் தர்க்கமும் மீமாம்சையும் கற்ற பண்டிதர். மைசூர் மகாராஜாவின் ஆதரவில் 1930களில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். அங்கே அவருடைய மாணவர்கள் துடிப்பான சிறுவர்கள். பார்வையாளர் முன்னிலையில் செய்துகாட்டும் நிகழ்ச்சிகளும் உண்டு. எனவே தாவி, குதித்து, ஓர் ஆசனத்திலிருந்து மற்றோர் ஆசனத்துக்கு இடைவிடாமல் போகும் முறை அங்கே வளர்ந்தது. 1950களில் அவர் சென்னைக்கு வந்தார். இங்கே அவரிடம் வந்தவர்களில் நோயாளிகளும் நடுத்தர வயதினரும் உண்டு. இப்போது அவர் ஒவ்வொருவராகப் பார்த்து, மூச்சின் அளவுக்கு ஆசனத்தைத் தளர்த்தி, ஆளுக்கொரு பாடம் வகுத்தார்.

மைசூர்க் காலத்து முறையைப் பட்டாபி ஜோயிஸ் எடுத்துச் சென்றார். சென்னைக் காலத்து முறையை, சிவில் என்ஜினீயரிங் படித்துவிட்டுத் தந்தையிடமே மாணவராக அமர்ந்த தேசிகாச்சார் எடுத்துக்கொண்டார். 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரத்தை நிறுவினார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் ஒரே குருவிடமிருந்து வந்தவை என்று நம்பமாட்டார். ஆகவே, ‘நான் கிருஷ்ணமாச்சாரியார் பரம்பரை’ என்று ஓர் ஆசிரியர் சொன்னால், எந்த ஊர், எந்தக் காலம் என்று நீங்கள் கேட்கலாம். பத்து வயதுச் சிறுவனுக்கு வகுத்ததை ஐம்பது வயதுக்காரர் முதுகில் ஏற்றுவதில்தான் பல தசைப்பிடிப்புகளும் மூட்டு வலிகளும் பிறக்கின்றன.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். கிருஷ்ணமாச்சாரியார் இதயத்தை நிறுத்திக் காட்டுவார் என்பது புகழ்பெற்ற செய்தி. 1935இல் தெரேஸ் புரோஸ் என்ற பிரெஞ்சு மருத்துவப் பெண்மணி இந்தியா வந்து, மின் இதயப் பதிவுக் கருவியால் அவரைப் பதிவு செய்தார். துடிப்பின் கோடு ஏறத்தாழ மறைந்தது. வெங்கர், பாக்சி, ஆனந்த் ஆகிய மூவர் அவரையும் வேறு சிலரையும் மேலும் நுட்பமாகச் சோதித்து 1961இல் முடிவை வெளியிட்டனர். மூச்சை அடக்கி மார்பு, வயிற்றுத் தசைகளை இறுக்கும்போது நெஞ்சுக்கூட்டின் உள்ளழுத்தம் உயர்கிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. மணிக்கட்டில் நாடி தட்டுப்படுவதில்லை, இதய ஒலியும் கேட்பதில்லை. ஆனால் இதயம் துடித்துக்கொண்டேதான் இருந்தது. செய்து காட்டியவர் ஏமாற்றுக்காரர் என்று இதற்குப் பொருளல்ல. அவருடைய தசைக் கட்டுப்பாடு மெய்யானது. அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம்தான் பிழையானது. யோகம் பற்றிய நூல்கள் அனைத்தையும் படிக்க இந்த ஒரு நிகழ்ச்சியை உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம்.

பி.கே.எஸ். ஐயங்காரை (1918–2014) அதில் உரசிப் பார்ப்போம். கிருஷ்ணமாச்சாரியாருக்கு மைத்துனர், சிறு வயதில் மலேரியா, டைபாய்டு, காசம் எனப் படாத பாடு பட்ட நோஞ்சான். வளையாத உடம்பு எப்படி இருக்கும் என்று அறிந்த மனிதர். அதனால்தான் மரக்கட்டை, கயிறு, பெல்ட், நாற்காலி என்று துணைக்கருவிகளைக் கொண்டு வளையாதவரையும் ஆசனத்தில் நிறுத்தும் வழியை உருவாக்கினார். 1966இல் வெளிவந்த அவருடைய ‘லைட் ஆன் யோகா’ நூலில் ஏறத்தாழ 600 புகைப்படங்கள்! எங்கே பாதம், எங்கே முழங்கால் என்று அவர் சொல்லும் இடங்கள் ஒரு தச்சாசாரியின் கணக்குப்போலத் துல்லியமானவை. ஆனால் பலன்களைச் சொல்ல வரும்போது அந்தத் துல்லியம் காணாமற்போகிறது. சிரசாசனம் மூளைக்கு நல்ல இரத்தத்தைப் பாய்ச்சுகிறது என்கிறார். உடல் எந்த நிலையில் இருந்தாலும் தனக்கு வேண்டிய இரத்த அளவை மூளை தானே பெருமளவு சமன்செய்துகொள்கிறது என்பது உடலியல் அறிந்த செய்தி. நம் மண்டபத்து ஆசிரியரின் இரண்டாவது செய்தி எந்தக் கிணற்றிலிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதல்லவா?

சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். ஆகவே நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷியை (1911–2006) விட்டுவிட முடியாது. கூடுவாஞ்சேரிக்காரர், தறியில் உழைத்தவர். அவர் வகுத்த எளியமுறை உடற்பயிற்சியில் தலைகீழாக நிற்பது இல்லை. கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, கண்பயிற்சி, உடல் தேய்த்தல், இறுதியில் உடல் தளர்த்தல். உழைத்துக் களைத்த உடம்புக்கு எது தாங்கும் என்று அறிந்தவருடைய வரிசை இது. குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய நூல்களில் வரும் ‘சீவகாந்தம்’ வேறு செய்தி. பெளதிகப் பாடத்தில் நீங்கள் படித்த காந்தம் அதுவன்று. மனித இதயத்திலிருந்து கருவிகள் அளக்கும் காந்தப் புலம் பூமியின் காந்தப் புலத்தில் ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். தத்துவமாக அதை ஏற்பவர் ஏற்கலாம். விஞ்ஞானம் என்ற பெயரில் கற்பிக்கக் கூடாது.

சரியான விளக்கம் கிடைக்காமலும் இல்லை. நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற நிதான நடையில் இரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் அனிச்சைச் செயல் கூர்மையடைகிறது என்று 2001இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். யோக மந்திரம் சொன்னாலும் கிறித்தவ ஜெபமாலை சொன்னாலும் மூச்சு அதே நடைக்கு வந்தது என்பது அதில் சுவையான பகுதி. வேக மூச்சைப் புகழும் நேரத்தில் நம் ஆசிரியர்கள் இதைச் சொல்லலாமே!

மண்டபத்து ஆசிரியரிடம் பிறகு பேசிக்கொண்டிருந்தேன். இருபது ஆண்டுகள் விசைத்தறியில் நின்று வேலை பார்த்தவராம். இடுப்பு வலிக்காக ஒரு வகுப்பில் சேர்ந்து, வலி குறைந்ததும் சான்றிதழ் வாங்கி ஆசிரியரானவர். அவருடைய வகுப்பில் புத்தகத்தில் இல்லாத ஒன்றைக் கண்டேன். தறிக்காரர்களை மட்டும் பிரித்து, தரையில் படுக்க வைத்து, கால்களைச் சுவரில் தூக்கிச் சாத்தச் சொல்லிப் பத்து நிமிடம் விட்டுவிடுகிறார். நாளெல்லாம் நிற்பவரின் காலில் தேங்கும் இரத்தம் சிரமமின்றி இதயத்துக்குத் திரும்ப இதைவிட எளிய வழி இல்லை. ஏன் இப்படி என்று கேட்டேன். “நின்னு பார்த்தவனுக்குத் தெரியும், சார்” என்றார்.

சென்னை ஆய்வைப் பற்றி அவரிடம் சொன்னேன். தலை தாழும் வேறு ஆசனங்களிலும், சுவரில் கால் சாத்துவதிலும்கூடக் கண்ணழுத்தம் ஓரளவு உயர்வதாக நியூயார்க்கில் 2015இல் கண்டதையும் சேர்த்துச் சொன்னேன். மெளனமாகக் கேட்டுக்கொண்டார். மறுவாரம் போனபோது ஒலிபெருக்கி மூலையில் கிடந்தது. வாசலில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்து, வருகிறவரிடமெல்லாம் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். சொட்டு மருந்துப் பெரியவர் அன்று நாற்காலியில் உட்கார்ந்து தோளைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.