கூலியும் கரியுமே காரணமா?

கைத்தொழிற் புரட்சி ஏனைய நாடுகளுக்கு முன்னர் இங்கிலாந்தில் தோன்றியது ஏன் என்னும் வினாவுக்கு அறிஞர் பலர் விடை பகர்ந்துள்ளனர். மேனாட்டு முதலாளித்துவத்தின் ஊக்கத்தைப் புரட்டஸ்தாந்து சமயத்தின் ஒழுக்கநெறியோடு தொடர்புபடுத்தினார் மக்ஸ் வெபர். அதனைக் குறுக்கி உரைப்போர், கீழைத்தேயத்தார் முயற்சி குன்றியவர் என்று எளிதிற் கூறிவிடுவர். றொபேட் அலன் 2009 இல் வெளியிட்ட நூல் இவ்வழியை விடுத்து, விலைக் கணக்கால் விடை காண முயல்கின்றது.

அவர் கூற்றின் சுருக்கம் இது: பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கூலி உயர்ந்திருந்தது; நிலக்கரி மலிந்திருந்தது. ஆதலின் ஆட்செலவைக் குறைக்கும் பொறியை ஆக்குதல் ஆங்கு ஆதாயம் தந்தது. ஹாகிறீவ்ஸ் 1760களில் அமைத்த நூற்பொறி இங்கிலாந்தில் விரைந்து பரவிற்று, பிரான்சில் மெல்லவே பரவிற்று, இந்தியாவிற் பரவவில்லை. கூலி மலிந்த நாட்டில் பொறிக்கு முதலிடுதல் நட்டமாகும் என்பதே அதற்கு அவர் காட்டும் காரணம்.

இக்கொள்கைக்கு மருதமுனை நல்லதோர் உரைகல். கல்முனையை அடுத்த அவ்வூரின் முஸ்லிம் நெசவாளர், சாரமும் சேலையும் நெய்வதிற் பெயர்பெற்றவர். பாவோட்டி, இழை அறாது காத்து, நாள் முழுவதும் தறியில் இருப்பவரைச் சோம்பர் என்று எவர் சொல்வார்? திறனும் உழைப்பும் நிறைந்த அவ்வூரிற் கைத்தறியே நிலைத்தது. கரி இல்லை, கூலி குறைவு, நூலும் வெளியிலிருந்தே வரவேண்டும். இம்மட்டில் அலனின் கணக்குப் பொருந்துகின்றது.

ஆயினும் அக்கணக்கில் இரு குறைகள் உள. இங்கிலாந்தில் நூல் நூற்ற பெண்களின் கூலி அவர் கருதுமளவு உயர்ந்ததன்று என ஜேன் ஹம்பிறீஸ் மறுத்துள்ளார், இது முதலாவது. அரசின் கை பின்னணியில் நின்றுவிடுவது இரண்டாவது; இதுவே பெரிது. 1700 ஆம் ஆண்டுச் சட்டம் இந்திய அச்சுத்துணியின் இறக்குமதியைத் தடுத்தது. 1721 ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய துணியை உடுத்தலையும் தடுத்தது. 1774 வரை அத்தடை நின்றது. கூலி உயர்ந்த நாடு, கூலி மலிந்த நாட்டின் சிறந்த துணிக்குக் கதவடைத்தது. அக்கதவின் உட்புறத்திலேயே முதற்பொறிகள் சுழன்றன.

இலங்கையில் நிகழ்ந்தது இதன் மறுதலை. இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் கைத்தறி தழைத்தது. 1977 இற் கதவு திறக்கப்பட்டதும் மலிந்த பிறநாட்டுத் துணி குவிந்தது; தறிகள் பல ஓய்ந்தன. அங்ஙனமாயின், காப்பு ஒன்றே போதுமா? போதாது. காப்பு நிலவிய காலத்தில் அரசு எழுப்பிய பேராலைகள் வேயங்கொடை, துல்கிரிய முதலிய இடங்களில் அமைந்தன. கிழக்குக்கரை நெசவாளரின் திறனோடு பொறியும் முதலும் போதிய அளவிற் கூடவில்லை. அடைத்த கதவு தந்த அவகாசம் அவ்வாறே கழிந்தது.

இங்கிலாந்தைப் பின்தொடர்ந்த நாடுகள் காப்புவரி, வங்கி, பொதுக்கல்வி, ஒன்றுபட்ட உள்நாட்டுச் சந்தை ஆகியவற்றால் உயர்ந்தன என்பதை அலனே 2011 இல் வெளியிட்ட சிறுநூலில் விளக்குகின்றார். இரு நூல்களையும் சேர்த்துக் கற்றலே முறை. உழைக்கும் மக்கள்மேற் சுமத்தப்பட்ட பழியை முன்னைய நூல் துடைக்கின்றது. அதன் பெருமை அது. முதற்பொறி ஆங்குப் பிறந்தது ஏன் என்பதற்கும் அது விடை கூறுகின்றது. அடுத்த பொறி மருதமுனைக்கு வாராதது ஏன் என்பதற்கு விடை தேடுவோர், சட்டங்களையும் வரவுசெலவுத் திட்டங்களையுமே புரட்டுதல் வேண்டும்.