கேட்கப்படாத கேள்வி: வானொலி நேர்காணலும் நொய்யல் ஆறும்

சுற்றுச்சூழல் பற்றிய வானொலி நேர்காணல்கள் இன்று அரியன அல்ல. ஜூன் 5-ஆம் நாளாகிய உலகச் சுற்றுச்சூழல் நாளையொட்டி அவை பெருகுகின்றன. ஆயர்கள் சிலர் அவற்றைக் கேட்டு அருளுரைக்குக் குறிப்பெடுத்துக்கொள்வதையும் நாம் அறிவோம். எனவே அவற்றை இறையியல் நோக்கில் ஆராய்தல் தகும். மடத்துக்குளத்தில் சபைக் குடும்பம் ஒன்றில் தங்கியிருந்தபோது நாம் கேட்ட அரைமணி நேர நேர்காணல் ஒன்று இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. நிலையத்தின் பெயரோ, பேசியவர் பெயரோ இங்குத் தேவையில்லை. நாம் சுட்டும் குறை ஒரு மனிதருடையதன்று, ஒரு முறையினுடையது. அம்முறை நம் பிரசங்க பீடங்களிலும் உண்டு.

முதலில் அதன் சிறப்பைச் சொல்லிவிடுவோம். சூழலியல் ஆர்வலராகிய அவர் எளிய தமிழில், அச்சமூட்டாமல், அன்போடு பேசினார். மழைநீர், மரம், மண் ஆகியவற்றின் உறவை எழுத்தறியாதவரும் விளங்கிக்கொள்ளும்படி எடுத்துரைத்தார். ஆனால் அவரிடம் கேட்கப்பட்ட கேள்விகள் யாவை? ஆறுகள் ஏன் மாசடைகின்றன? மக்களிடம் விழிப்புணர்வு இல்லாமையால் என்பது விடை. நேயர்கள் என்ன செய்யலாம்? மரம் நடலாம், நெகிழிப் பையைத் தவிர்க்கலாம் என்பது விடை. நொய்யல் ஒரே ஒருமுறை குறிப்பிடப்பட்டது. அதுவும் ‘மாசடைந்துவிட்ட ஆறு’ என்று மட்டும். மாசுபடுத்தியவர் யார், அதனால் இழந்தவர் யார் என்று கேட்கப்படவில்லை. ஆறு தானே மாசடைந்தது போன்ற தோற்றம் உண்டாயிற்று.

இதற்கு வானொலியின் நெடுநாள் பழக்கமும் ஒரு காரணம் எனலாம். 1960-களில் ஏ.டி.டி. 27 என்னும் புதிய நெல் தஞ்சை மாவட்டத்தில் வானொலி வழியாகப் பரவியது. உழவர்கள் அதை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். அறிந்தவர் சொல்ல, அறியாதவர் கேட்டு நடப்பர் என்னும் முறை அன்று பயன் தந்தது. அதே முறை சூழல் சீர்கேட்டுக்கும் கையாளப்படும்போதுதான் இடர் எழுகிறது. ஏனெனில் இங்கு, பாதிக்கப்பட்டவரே முதலில் அறிந்தவர்.

நொய்யலின் வரலாறு இதைத் தெளிவாக்குகிறது. வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாகச் சென்று காவிரியில் கலக்கும் அந்த ஆற்றின் குறுக்கே, பாசனத்துக்கென 1992-இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. அக்காலத்திலேயே திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதியும் விரைந்து வளர்ந்தது. பருத்தித் துணியில் சாயம் பற்றுவதற்கு உப்பு மிகுதியாக வேண்டும். பட்டறைக் கழிவுநீரின் நிறத்தைக் குறைத்த பழைய சுத்திகரிப்பு முறைகள், அதில் கரைந்திருந்த உப்பை அகற்றவில்லை. கண்ணுக்குத் தெரிந்த சாயத்தைவிடக் கண்ணுக்குத் தெரியாத உப்பே நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது. சில ஆண்டுகளுக்குள்ளாகவே அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. யாருக்காக அணை கட்டப்பட்டதோ அந்த உழவர்களே அதில் நீரைத் தேக்க வேண்டாம் என்று மன்றாடும் நிலை வந்தது.

அவர்களுக்கு விழிப்புணர்வு ஊட்டியவர் யார்? வாடிய பயிரும் உவர்த்த கிணறுமே ஊட்டின. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கமாய்த் திரண்டு நீதிமன்றம் சென்றனர். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை அறவே வெளியேற்றாத நிலையைப் பட்டறைகள் எட்ட வேண்டும் எனக் காலக்கெடு விதித்தது. அதுவரை வெளியேற்றும் நீருக்கு லிட்டர் கணக்கில் தண்டமும் விதித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் பட்டறை உரிமையாளர்களின் மேல்முறையீட்டை ஏற்காமல் மூன்று மாத அவகாசமே அளித்தது. அதன் பின்னும் கழிவுநீர் ஓடியதால், 2011 ஜனவரியில் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. இவ்வரலாற்றில் அறியாமைக்கு இடம் சிறிது. ஆதாயத்துக்கும் இழப்புக்கும் இடையே நடந்த வழக்கே பெரிது. மரம் நடுவதால் தீரும் வழக்கன்று அது.

எசேக்கியேல் தீர்க்கதரிசியின் நூல் 34-ஆம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் மேய்ப்பருக்கு எதிரான கண்டனமாகவே வாசிக்கிறோம். ஆனால் அதன் நடுப்பகுதியில் ஆண்டவர் மேய்ப்பரை விட்டு மந்தையை நோக்கித் திரும்புகிறார். ஆட்டுக்கும் ஆட்டுக்கும் இடையே நியாயந்தீர்ப்பதாகச் சொல்கிறார். சில ஆடுகள் தெளிந்த நீரைக் குடித்துவிட்டு, எஞ்சியதைக் கால்களால் கலக்கிவிடுகின்றன. மற்றவை அந்தக் கலங்கலைக் குடிக்க நேர்கிறது. குடித்தது குற்றமென்று தீர்க்கதரிசி சொல்லவில்லை. பிறருக்கு உரியதைக் கெடுத்ததே குற்றம். மந்தை முழுவதும் தண்ணீரைப் பேணக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பொதுவாக அறிவுரை கூறி அவர் முடிக்கவும் இல்லை. கலக்கிய ஆடு எது, கலங்கலைக் குடித்த ஆடு எது என்று பிரித்துப் பார்க்கிறார். நாம் கேட்ட நேர்காணல் செய்யத் தவறியது இதையே.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். இவ்வாறு பிரித்துப் பேசினால் தொழில் அழியாதா, தொழிலாளர் பட்டினி கிடக்க நேராதா? இது புறக்கணிக்கத்தக்க மறுப்பன்று. 2011-இல் பட்டறைகள் மூடப்பட்டபோது தினக்கூலிக்கு உழைத்தோர் வேலையிழந்தனர். சாயவேலையின் ஒரு பகுதி வேறு மாவட்டங்களுக்குச் சென்று வேறு ஆறுகளை நாடியது. ஆயினும் வரலாறு அங்கே நின்றுவிடவில்லை. அரசு வட்டியில்லாக் கடன் அளித்தது. உப்பைப் பிரித்தெடுத்து நீரை மீண்டும் பயன்படுத்தும் முறையைக் கைக்கொண்ட பட்டறைகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. பிரித்தெடுத்த கலப்பு உப்பை என்ன செய்வது என்னும் சிக்கல் அதன் பின்னும் எழுந்தது. ஆனால் முடியாது என்று பல ஆண்டுகள் சொல்லப்பட்ட ஒன்று, கேள்வி கேட்கப்பட்ட பின்னரே முடிந்தது. உழவரையும் தொழிலாளரையும் எதிரெதிரே நிறுத்துவது அவ்விருவர் இழப்பிலும் ஆதாயம் கண்டவர்களை மறைத்துவிடும்.

1983-இல் வான்கூவரில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றம் நீதி, சமாதானம், படைப்பின் ஒருமைப்பாடு என்னும் மூன்றையும் ஒன்றாய்ப் பிணைத்துத் திருச்சபைகளை அழைத்தது. நம் சபைகள் அம்மூன்றில் இறுதியானதை மட்டும் எடுத்துக்கொண்டு சுற்றுச்சூழல் ஞாயிறு அனுசரிக்கின்றன. ஆலய வளாகத்தில் மரக்கன்று நடுகிறோம், புகைப்படம் எடுக்கிறோம். நன்றே. ஆனால் கொங்கு நாட்டுச் சபை ஒன்றில் பட்டறை உரிமையாளரும், அவரிடம் கூலி பெறுபவரும், கிணறு கெட்ட உழவரும் ஒரே பந்தியில் அப்பமும் ரசமும் பெறக்கூடும். அம்மூவருக்கும் ஒரே அறிவுரையைக் கூறும் அருளுரை எவரையும் புண்படுத்தாது. எவரையும் குணப்படுத்தவும் செய்யாது.

நேர்காணல் முடிந்தபின் அவ்வீட்டுப் பெரியவர் வானொலியை நிறுத்திவிட்டு, நல்ல பேச்சு என்றார். சற்றுப் பொறுத்து, நம் ஊருக்கு அந்தக் கவலை இல்லை என்றும் சொன்னார். உண்மைதான், மடத்துக்குளம் நொய்யல் கரையில் இல்லை. அமராவதி அணையிலிருந்து வரும் நீர் அங்கு நெல்லுக்கும் கரும்புக்கும் பாய்கிறது. ஆனால் அவ்வீட்டு மகள் அணிந்திருந்த ஆடைக்குச் சாயமேற்றிய நீர் ஏதோ ஓர் ஆற்றைச் சேர்ந்தது. அமராவதியும் அவ்வூரோடு முடிவதில்லை. தாராபுரத்தைக் கடந்து, சாயப்பட்டறைகள் மிகுந்த கரூரை அடைந்து காவிரியில் கலக்கிறது. மேல்மடையில் இருப்பவருக்குக் கவலையின்மை எளிது. அந்த நேர்காணல் அக்கவலையின்மையைச் சற்றும் அசைக்கவில்லை. அதனால்தான் அது நல்ல பேச்சாகத் தோன்றிற்று.

ஆகவே ஆயர்களுக்கும் இறையியல் மாணவருக்கும் நாம் முன்வைப்பது இதுவே. அடுத்த சுற்றுச்சூழல் ஞாயிற்றுக்கு வல்லுநர் ஒருவரை அழைப்பதற்கு முன், கடைமடை உழவர் ஒருவரையும் பட்டறைத் தொழிலாளி ஒருவரையும் அழைத்து முதலில் பேசச் செய்யுங்கள். நாம் என்ன செய்யலாம் என்னும் கேள்வியைச் சற்றே தள்ளி வைத்து, நமக்குக் கீழே இந்த நீரைக் குடிப்பவர் யார் என்று கேளுங்கள். அக்கேள்விக்கு விடை கிடைத்தபின் மரம் நடுவதில் தடையில்லை.