சாமி பேரைச் சொல்லி ஒரு பகல், சீட்டு வாங்கி ஓர் இரவு

தளவாய்புரத்துக்காரர்கள் குடும்பத்தோடு மலையடிவாரம் போவதென்றால் ஒரு சாமியைத் துணைக்கு அழைத்தாக வேண்டும். ராஜபாளையத்துக்கு மேற்கே நீர்காத்தலிங்கம் அய்யனார், தேவதானத்துப் பக்கம் சாஸ்தா, செண்பகத்தோப்பில் காட்டழகர், வத்திராயிருப்புக்கு மேலே சதுரகிரி மகாலிங்கம். மலையில் தண்ணீர் ஓடும் இடத்திலெல்லாம் தெய்வமும் குடியிருக்கிறது. தளவாய்புரம் நைட்டி தைக்கிற ஊர். மிஷின் ஓடாத நாளில் நாலைந்து வீட்டார் கூடி ஒரு வேன் பேசுவார்கள். அண்டா, அரிவாள், வீட்டிலேயே அரைத்துக் கட்டிய மசாலா, பாய், கூடவே ஒரு கிடா. அய்யனாருக்குச் சர்க்கரைப் பொங்கல், காவல் நிற்கும் கருப்பசாமிக்குக் கறிச்சோறு என்று பங்கீடு செய்துகொண்ட மக்கள் நாம். "மைனி, குழம்புக்குப் புளி கரைச்சாச்சா?" என்று ஒரு குரல், "ஏலே, ஆழத்துக்குப் போகாதே" என்று இன்னொரு குரல். பக்தி அரைமணி நேரம், மிச்சமெல்லாம் ஆற்றுக் குளியல்.

பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். சதுரகிரியில் ஆடி அமாவாசைக்கு மலைமேலேயே படுத்து எழுந்து வந்த கதையைப் பெரியவர்கள் சொல்வார்கள். 2015 மே மாதம் அங்கே திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் பலர் உயிரிழந்த பிறகு கட்டுப்பாடுகள் இறுகின. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் மாண்டார்கள்; அதன்பின் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்தன. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. சாம்பல் நிற அணிலுக்காக 1988-இலேயே சரணாலயமான காடு இது. யானையும் புலியும் நடக்கும் தடத்தில் கூடாரம் போட்டுப் பிள்ளைகளைத் தூங்கவைக்க எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்?

இலங்கை மலையகத்தில் நிலைமை வேறு. ஹோட்டன் சமவெளியில் வனஜீவராசிகள் திணைக்களத்திடம் முன்கூட்டியே பதிந்து, பணம் கட்டி, கூடாரம் அடித்து இரவு தங்கலாம். கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல். ஜனவரி, பிப்ரவரியில் புல்லில் உறைபனி படியும். நண்பர்கள், அவரவர் மனைவி மக்கள் என்று கூட்டமாகப் போகிறார்கள். பாண், டின் மீன், கட்டச்சம்பல், சுடச்சுடப் பிளேன் டீ. சாமி கும்பிட வந்தோம் என்று யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் நடக்கும் சோதனை நம்மவர்களைத் திகைக்க வைக்கும்: பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துத் தாளில் கொட்டித் தருவார்கள், தண்ணீர் பாட்டிலில் ஒட்டிய லேபிளைக்கூட உரித்து எடுத்துவிடுவார்கள். அய்யனார் கோயில் ஆற்றோரம் கிடக்கும் ஷாம்பு உறைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அதற்காக அங்கே சாமியே இல்லை என்றாகாது. சிவனொளிபாதமலைக்கு மார்கழி தொடங்கி வைகாசி விசாகம் வரை இரவிரவாக ஏறுகிறார்கள். கைக்குழந்தையோடு ஏறும் தாய்மாரும் உண்டு. அடிவாரத்து மவுசாக்கலை நீர்த்தேக்கம் 1960-களின் கடைசியில் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போனது. தண்ணீர் வற்றும் கோடையில் பழைய கோயிலின் இடிபாடு தலைகாட்டும். பார்க்கக் கூட்டம் வரும். நம் பிளவக்கல் அணை அந்தளவுக்கு ஊரை விழுங்கியதில்லை.

ஹோட்டன் சமவெளியில் இரவு பயமில்லாமல் தூங்க முடிவதற்கு ஒரு காரணம் உண்டு. சிறுத்தை இருக்கிறது; கூடாரத்துக்குப் பக்கத்திலேயே மரை மேயும். யானை மட்டும் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. மேஜர் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி ஒருவரே ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டதாகப் பெயரெடுத்து, 1845-இல் மின்னல் தாக்கிச் செத்தார். சுட்டது போக மிஞ்சியவற்றின் காட்டைக் கோப்பியும் தேயிலையும் தின்றன. அந்தத் தோட்டங்களுக்குக் காடு வெட்டப் போனவர்களில் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைக்காரர்கள் ஏராளம். ஆகவே ஹோட்டன் சமவெளிக் கூடாரங்களின் நிம்மதியான இரவைப் பார்த்துப் பொறாமைப்பட எனக்கு மனம் வரவில்லை. நம் மலையில் இரவு பூட்டப்பட்டிருப்பது யானை இன்னும் உயிரோடு இருப்பதால்தான்.

ஆனாலும் மலைக்குக் கீழேயே பிறந்த பிள்ளை காட்டு இரவை ஒருநாளும் அறியாமல் வளர்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தமிழக அரசு 2024-இல் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று நாற்பது மலைப்பாதைகளைத் திறந்து, பழங்குடி இளைஞர்களையே வழிகாட்டிகளாக்கியது. செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோயிலிலும் பளியர் பழங்குடியினரின் குடியிருப்புகள் உண்டு. யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை வாடையிலேயே சொல்பவர்கள் அவர்கள். உட்காட்டுக்குள் வேண்டாம். பிளவக்கல் போல அணையோரத்தில், காட்டு விளிம்பில், பளியர் காவலில், பை சோதனையோடு, மாதத்துக்குச் சில இரவுகள் குடும்பங்களை அனுமதிக்கலாம். கட்டணத்தில் பாதி அவர்கள் குடியிருப்புக்கே போகட்டும். கிடா வெட்டுகிறவர்கள் வழக்கம்போலப் பகலிலேயே வெட்டிக்கொள்ளட்டும்.