அந்தக் கல்லறை என்ன கல்?

ஏற்காட்டுக்குப் போகிறீர்கள். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, காதடைத்து, பின்சீட்டுக் குழந்தைக்கு வாந்தி வந்து, ஒரு வழியாக மேலே சேர்கிறீர்கள். ஏரியில் படகு, லேடீஸ் சீட்டில் மிளகாய் பஜ்ஜி, திரும்பும்போது கால் கிலோ காப்பித்தூள், கொஞ்சம் மிளகு. எல்லாரும் அப்படித்தான், நானும் அப்படித்தான். ஆனால் நீங்கள் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டீர்களே ஒரு கருநீலப் பாறை, அதன் உறவுக்காரக் கல் ஒன்றைப் பற்றி 1893-ல் ஓர் இளைஞர் கட்டுரை எழுதினார். விஞ்ஞானிகளுக்குப் பேசத் தெரியவில்லை, எழுதத் தெரியவில்லை என்று ஊரே புலம்புகிற இந்த நாளில் அந்தக் கட்டுரையை யாராவது ஞாபகப்படுத்த வேண்டும். நான் பி.காம். எனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்காதீர்கள். பேலன்ஸ் ஷீட் படித்தவனுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: சரக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், விற்காமல் கோடவுனில் கிடந்தால் அது குளோசிங் ஸ்டாக்தான்.

இளைஞர் பெயர் தாமஸ் ஹாலந்து. 1868-ல் பிறந்தவர், 1890-ல் கல்கத்தாவில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தவர். கட்டுரை எழுதியபோது வயது இருபத்தைந்தைத் தாண்டவில்லை. இன்றைய கணக்கில் பிஎச்.டி. ஸ்காலர் வயசு. அவர் கையில் இருந்த விஷயமோ படு வறட்சி. சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரம் குன்றுகளில் ஒரு பாறை. பார்வைக்குக் கிரானைட் மாதிரி, ஆனால் உள்ளே ஹைபர்ஸ்தீன் என்றொரு கனிமம் இருக்கிறது. சேர்வராயன் மலையும் பெரும்பாலும் இந்தப் பாறைதான். பூமியின் ஆழத்தில், எழுநூறு எண்ணூறு டிகிரி சூட்டில் வெந்து உருவான, ஏறத்தாழ 250 கோடி வயதுள்ள கல். சரி, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நாம் பக்கத்தைப் புரட்டிவிடுவோம், இல்லையா?

ஹாலந்து என்ன செய்தார் தெரியுமா? கல்கத்தாவில் செயின்ட் ஜான்ஸ் சர்ச் வளாகத்தில் ஒரு கல்லறை இருக்கிறது. ஜாப் சார்னாக் என்கிற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரருடையது. கல்கத்தாவை உருவாக்கியவர் என்று அந்நாளில் ஊரே நம்பிய ஆள். அந்தக் கல்லறைக் கல் வங்காளத்துச் சரக்கு இல்லை, சென்னைப் பக்கத்துப் பாறை. ஹாலந்து அதைப் பிடித்துக்கொண்டார். கட்டுரைக்கு அவர் வைத்த தலைப்பு: ‘ஜாப் சார்னாக் கல்லறையின் பாறையியல்’. பாறைக்கு வைத்த பெயர் சார்னோக்கைட். வங்காள ஏஷியாட்டிக் சொசைட்டியின் இதழில் அது வந்தது. அந்தச் சொசைட்டி இருப்பது கல்கத்தாவில். வாசகர்களில் பலர் அந்தக் கல்லறையைத் தாண்டி நடந்துபோனவர்களாக இருந்திருப்பார்கள். ‘அட, அது என்ன கல்?’ என்ற கேள்வியை அவர்கள் மனதில் வைத்துவிட்டார் மனிதர். கேள்வி உள்ளே போய்விட்டால் ஹைபர்ஸ்தீனும் பின்னாலேயே போய்விடும்.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு, சொல்லிவிடுகிறேன். நம்ம பல்லாவரத்துக் கல்லுக்கு ஒரு கம்பெனி ஏஜென்ட்டின் பெயர் எதற்கு? காலங்காலமாக அதைக் கருங்கல் என்று சொல்லி, உடைத்து, செதுக்கி வந்தவர்களுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. இதில் வேடிக்கை, 2003-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சார்னாக்கை அந்த நகரத்தின் நிறுவனர் என்று சொல்லக் கூடாது என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆளுக்குப் பட்டம் போய்விட்டது, கல்லுக்குப் பெயர் நிற்கிறது. அண்டார்டிகாவில் அந்த வகைப் பாறை கிடைத்தாலும் சார்னோக்கைட்தான். பெயர் வைத்த நியாயத்தில் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் சொன்ன விதத்தில் குறை சொல்ல முடியவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். கவர்ச்சியாகத் தலைப்பு வைத்துவிட்டு ஆள் ஓடிவிடவில்லை. 1900-ல் சார்னோக்கைட் வகைப் பாறைகளைப் பற்றித் துறைக்காக நீண்ட ஆய்வு நூலே எழுதினார். முதலில் கல்லறை, ஏழு வருஷம் கழித்து முழுக் கணக்கு. தலைப்போடு நின்றுவிடுகிறவர்களுக்கும், தலைப்பே இல்லாமல் நானூறு பக்கம் எழுதுகிறவர்களுக்கும் இதில் பாதிப் பாதி பாடம் இருக்கிறது.

இப்போது கல்லூரிகளில் ‘கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்’ பயிலரங்கம் நடக்கிறது. சுண்டல், பிஸ்கட், சர்டிபிகேட் உண்டு. ஒரு ஸ்லைடில் ஆறு வரிக்கு மேல் போகாதே, எழுத்து 24 பாயின்ட்டுக்குக் குறையாதே, கையைப் பாக்கெட்டில் விடாதே, கூட்டத்தின் கண்ணைப் பார். எல்லாம் நல்ல அறிவுரைதான். கல்யாணத்துக்குப் போகும்போது சட்டைக்கு இஸ்திரி போடு என்பது மாதிரி. ஆனால் கல்யாணம் யாருக்கு, நீ யார் வீட்டு உறவு என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும், அதில் எந்தக் கொக்கியில் என் விஷயத்தை மாட்டலாம் என்று ஹாலந்து யோசித்தாரே, அந்த யோசனைக்கு ஸ்லைடில் இடமில்லை.

ஏற்காட்டுக்கே திரும்புவோம். அங்கே ஹோலி டிரினிட்டி சர்ச்சில் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்பவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. பஜ்ஜி கடைக் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட அந்தப் பக்கம் போக மாட்டார். இவரும் நிலவியல் துறைக்காரர், ஹாலந்துக்கு ஒரு தலைமுறை மூத்தவர். 1858-ல் வேலைக்குச் சேர்ந்து, 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராணுவ மைதானத்துக்கு அருகே சரளை தோண்டிய குழியில் ஒரு கல்லைப் பொறுக்கினார். கையில் பிடிக்கிற வாகாகச் செதுக்கிய கற்கோடரி. வயது 28. அதே வருஷம் செப்டம்பர் 28-ல் சக ஊழியர் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்தில் மேலும் கருவிகள். இந்தியாவின் கற்கால ஆராய்ச்சி அந்த இரண்டு நாளில்தான் பிறந்தது.

நிலைமையை யோசித்துப் பாருங்கள். மனிதன் அவ்வளவு பழையவன் என்பதையே ஐரோப்பா 1859-க்குப் பிறகுதான் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டிருந்தது. இங்கே ஒரு ஜூனியர் ஆபீசர் கையில் உடைந்த கல். ‘மழையில் உருண்டு உடைந்த கல்லய்யா இது’ என்று யாரும் ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஃபுட் 1866-ல் சென்னை இலக்கியச் சங்க இதழில் விரிவாக எழுதினார். 1868-ல் லண்டன் நிலவியல் சங்கத்துக்கு எழுதினார். அவருடைய பலம் அலங்காரம் இல்லை. எந்த இடம், எந்த அடுக்கு, அந்த அடுக்கு எப்படி உண்டானது, யார் கண்டெடுத்தது என்று வரிசையாக வைக்கிறார். நல்ல ஓவியர் வேறு. வார்த்தையில் அடங்காததைப் படத்தில் காட்டினார். கூட இருந்த கிங்குக்கு உரிய பங்கைக் கொடுத்தார். தன் சந்தேகத்தைத் தானே முதலில் சொல்லிவிடுகிறவனை எதிராளி மடக்குவது கஷ்டம். இது வக்கீல்களுக்குத் தெரியும், ஆடிட்டர்களுக்குத் தெரியும், ஆராய்ச்சி மாணவர்களுக்குத்தான் யாரும் சொல்வதில்லை.

ஃபுட்டின் சேகரிப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1904-ல் வாங்கியது. சேர்வராயன் மலையில் கிடைத்த கற்கருவிகளும் அதில் உண்டு. அவர் 1912-ல் காலமான பிறகு பட்டியல் 1914-லும், குறிப்புகள் 1916-லும் புத்தகங்களாக வந்தன. பட்டியலைப் படிக்கச் சொன்னால் நான் உங்களுக்கு விரோதியாகிவிடுவேன், அது ஸ்டாக் ரிஜிஸ்டர். ஆனால் குறிப்புகள் வேறு ரகம். காட்டில் நாற்பது வருஷம் நடந்த மனிதர் நம்மையும் கூட்டிக்கொண்டு நடப்பது தெரியும்.

குறை? உண்டு. பெரிய குறை. அது ஃபுட் ஒருவருடைய குறை மட்டுமில்லை.

ஃபுட்டின் மாமனார் யார் தெரியுமா? பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் நடத்தி, ஆறுமுக நாவலரைக் கூட வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கிய அதே பெர்சிவல். 1855-ல் ‘தினவர்த்தமானி’ என்று தமிழ்ப் பத்திரிகை தொடங்கியவர். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில விளக்கத்தோடு 1874-ல் புத்தகமாக்கியவர். 1882-ல் அவர் இறந்ததும் ஏற்காட்டில்தான். மாமனார் ஊர் ஊராகப் பழமொழி பொறுக்குகிறார், மருமகன் ஊர் ஊராகக் கல் பொறுக்குகிறார். குடும்பத்துக்குப் பொறுக்குகிற ராசி போலிருக்கிறது! ஆனால் மருமகன் எழுதி நிலைத்ததெல்லாம் ஆங்கிலம். பல்லாவரத்தில் அந்தக் குழியைத் தோண்டிய கூலிக்காரருக்கு, ‘நீ தோண்டிய மண்ணில் உலகமே வியக்கிற ஒரு பொருள் இருந்ததப்பா’ என்று சொல்ல வேண்டிய மொழி வீட்டுக்குள்ளேயே, சாப்பாட்டு மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. அத்திரம்பாக்கத்துக் கருவிகள் சுமார் 15 லட்சம் வருஷப் பழசு என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று பக்கத்து வீட்டில் விசாரித்துப் பாருங்கள்.

வெளிநாட்டில் இதற்கு ஒரு போட்டியே வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-ல் ஆரம்பித்தது. முழு ஆய்வேட்டையும் மூன்று நிமிடத்தில், ஒரே ஒரு ஸ்லைடோடு, துறை தெரியாதவருக்குப் புரியச் சொல்ல வேண்டும். அது பிறந்த கதை நமக்கு நெருக்கமானது. அங்கே கடும் பஞ்சம், மூன்று நிமிடத்துக்குள் குளித்து முடி என்று குளியலறையில் மணல் கடிகாரம் மாட்டிக்கொண்டார்கள். அதைப் பார்த்து வந்த யோசனை. தண்ணீர் லாரி வரிசையில் நின்ற நமக்கு ஏன் தோன்றவில்லையோ! நம் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2018-ல் ‘அவ்சார்’ என்று ஒரு போட்டி தொடங்கியது. ஆய்வு மாணவர் தன் ஆராய்ச்சியைப் பாமரருக்குப் புரிய எழுதினால் முதல் பரிசு ஒரு லட்சம் ரூபாய். நல்ல காரியம். என்ன, பரிசுக்கு எழுதுகிறபோது நடுவரைப் பார்த்து எழுதுகிற வியாதி வந்துவிடும். மூன்று நிமிடம் என்றால் மிமிக்ரி மேடையாகிவிடும். அந்த ஆபத்தைப் போட்டி நடத்துகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

சேலம் பக்கம் ஒரு கல்லூரிக் கருத்தரங்குக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பெயர் வேண்டாம். ஒரு பையன் மேடையேறினான். கிராமத்துப் பையன், வீட்டில் முதல் பட்டதாரி. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு பற்றி ஆய்வு. சேலம், தர்மபுரிப் பக்கம் இது நிஜமான தலைவலி. பாறையிலிருந்து கரைந்து வருகிற உப்பு. ஒரு லிட்டர் தண்ணீரில் 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல் கறை பிடிக்கும், வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பு வளையும். பையன் இருபது நிமிடம் ஸ்லைடைப் பார்த்து ஆங்கிலத்தில் படித்தான். ‘ஸ்பேஷியல் டிஸ்ட்ரிபியூஷன்’ என்று பதினோரு தடவை சொன்னான். எண்ணினேன், வேறு வேலையில்லை. முன்வரிசையில் ஒரு பேராசிரியர் நிம்மதியாகத் தூங்கினார்.

டீ இடைவேளையில் பிடித்தேன். “தம்பி, நீ என்னதான் கண்டுபிடிச்சே?”

“எங்க ஊர்ல மேட்டுத் தெரு போர் தண்ணி மோசம் சார். பள்ளத் தெரு கிணறு பரவாயில்ல. ரெண்டுக்கும் நடுவுல அரை கிலோமீட்டர்கூட இல்ல. எங்கம்மா மேட்டுத் தெரு குழாயிலதான் புடிக்குது. தங்கச்சி பல்லைப் பார்த்துட்டுதான் சார் இந்த டாபிக்கே எடுத்தேன்.”

நாற்பது நொடி. ஹாலந்துக்குக் கல்லறை மாதிரி, இவனிடம் தங்கச்சியின் பல் இருந்தது. அதை எங்கே வைத்திருந்தான்? ஸ்லைடில் இல்லை.

“இதை ஏன்ப்பா மேடையில சொல்லலே?”

“தமிழ்ல பேசினா சப்ஜெக்ட் தெரியலேன்னு நினைப்பாங்க சார்.”

யார் நினைப்பார்கள்? தூங்கிக்கொண்டிருந்தவரா? பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புரியாமல் பேசினால்தான் விஷயம் தெரிந்தவன் என்று இருபது வருஷமாக அவனுக்குக் கற்பித்த நம்மை என்ன செய்வது? அவன் ஆய்வேடு லைப்ரரி அலமாரிக்குப் போகும், அவன் அம்மா நாளைக் காலையும் மேட்டுத் தெருக் குழாய்க்குத்தான் போவாள்.

“வீட்ல சொன்னியா?”

“சொன்னேன் சார். நீ படிச்சு முடி, அப்புறம் பாக்கலாம்னாங்க.”

பங்களாதேஷ் கதையைச் சொன்னேன். அங்கே குழாய்க் கிணறுகளில் ஆர்சனிக். ஏறத்தாழ 50 லட்சம் கிணறுகளைச் சோதித்தார்கள். சோதித்த குழாய்க்குப் பெயின்ட் அடித்தார்கள். ஆபத்தானதற்குச் சிவப்பு, நல்லதற்குப் பச்சை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அந்த ரிசல்ட் புரியும். ஸ்லைடு கிடையாது, ஆங்கிலம் கிடையாது.

பையன் கொஞ்ச நேரம் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். எண்பது குழாய் சோதித்திருக்கிறானாம். மனசுக்குள் எண்ணியிருப்பான் போலிருக்கிறது.

“நல்லாயிருக்கு சார். ஆனா ப்ராஜெக்ட் பட்ஜெட்ல பெயின்ட்டுக்கு ஹெட் இல்லையே?”

இது என் ஏரியா. ‘இதர செலவினம்’ என்று ஒரு தலைப்பு எல்லா பட்ஜெட்டிலும் இருக்கும், அதில் இரண்டு டப்பா பெயின்ட்டும் ஒரு பிரஷ்ஷும் தாராளமாக அடங்கும், பில்லை மட்டும் பத்திரமாக வாங்கி வை என்று சொல்லிக் கொடுத்தேன். பஞ்சாயத்துத் தலைவரிடம் முதலில் அனுமதி வாங்க வேண்டும், அது தனிக் கதை. அவரிடம் எந்த மொழியில் பேசுவது என்று அவன் என்னைக் கேட்கவில்லை.