சிரி: பெயர்ச்சொல்லா, ஏவலா?

மலையாள நடிகர் இன்னசென்ட் எழுதிய புத்தகத்தின் பெயர் 'கேன்சர் வார்டிலெ சிரி'. மலையாளத்தில் 'சிரி' என்றால் சிரிப்பு. அந்தப் பெயரை முதலில் பார்த்தபோது என் தமிழ்க் காதுக்கு அது கட்டளையாகத்தான் கேட்டது. கேன்சர் வார்டில் இருக்கிறாயா, சிரி! தப்பான வாசிப்புதான். ஆனால் இன்னும் கைவிட முடியவில்லை. நோயைச் சிரித்தே கடந்தவர்களின் கதை எதைப் படித்தாலும், இதில் வருகிற 'சிரி' பெயர்ச்சொல்லா, ஏவலா என்று பார்க்கிறேன்.

2012இல் இன்னசென்டுக்குப் புற்றுநோய் தெரியவந்தது. பிறகு அவர் மனைவி ஆலீஸுக்கு மார்பகப் புற்றுநோய். ஒரே வீட்டில் இரண்டு நோயாளிகள். 'மணிச்சித்ரதாழ்' பார்த்தவர்களுக்கு அந்த முகம் தெரியும். வாயைத் திறக்கும் முன்பே நமக்குச் சிரிப்பு வந்துவிடும். நம் பக்கம் அதே நோய் எப்படி இருந்தது? 1982இல் 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை'. இரண்டிலும் நாயகன் நோயைக் காதலியிடம் மறைக்கிறான், அவளை விலக்குகிறான், பாடுகிறான், சாகிறான். அழகாகச் சாவதற்குத் தோதான நோய். மார்பகத்தில் வரும் நோய்க்கு அங்கே வேலையில்லை.

அந்த அழுகைக்குப் பக்கத்தில் வைத்தால் இன்னசென்ட் பெரிய ஆறுதல். ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை. சிரிக்க வைப்பது அவருடைய தொழில். ஆலீஸுக்கு அது தொழில் இல்லை. அட்டையில் இருப்பது அவர் பெயர்.

எங்கள் சித்தி மாதனூர். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற வேலை. கட்டியை மாசக்கணக்கில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னபோதும் "நெஞ்சுல ஒரு கட்டி கீதுடி" என்றாள். மார்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை. பார்ப்பது ஆம்பளை டாக்டராக இருந்தால் என்ன செய்வது என்று பயம். ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாதென்று பிரசவத்தில் பெண்கள் செத்ததைக் கண்டுதான் ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படித்து வந்து, 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்தார். அது வளர்ந்துதான் சிஎம்சி. சித்தி பஸ் ஏறிப் போனதும் அங்கேதான்.

கீமோவில் சிவப்பாக ஒரு மருந்து ஏறும். பக்கத்து வீட்டு ஆபா அதைப் பார்த்துவிட்டு "ரூஹ் அஃப்சா" என்று பெயர் வைத்தார். நோன்பு மாசம் வேறு. முடி கொட்டியதும் "திருப்பதி போற செலவு மிச்சம்" என்றாள் சித்தி. நாக்கில் இரும்பு ருசி. ஆம்பூர் பிரியாணி வாங்கிப்போனால் "ஆணி துன்ற மாதிரி கீது" என்று தள்ளிவிட்டாள். பிறந்ததிலிருந்து தோல் ஷாப் நாற்றத்திலேயே வளர்ந்தவள், இப்போது பஸ்ஸில் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இத்தினி வருசமா இதையா மோந்துகினு இருந்தோம்?" என்று அதிசயப்பட்டாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு கம்பெனிக் கூட்டாளிகள் நாலு பேர் வந்தார்கள். ஷூவுக்குள் வைக்கிற ஸ்பாஞ்சை வெட்டி, மெல்லிய லைனிங் தோல் போட்டு, உள்ளே வைத்துக்கொள்ள ஒரு பேட் தைத்திருந்தார்கள். தையல் நேர்த்தி, எக்ஸ்போர்ட் குவாலிட்டி. "சைஸு ஆறா எட்டானு தெரியாம வெட்டிட்டோம்க்கா." சித்தி தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கண்ணகிக்கும் எடதுதான், எனக்கும் எடதுதான். இன்னா, ஊருதான் எரியல." அடுத்த நிமிஷம் ஐந்து பேரும் அழுதார்கள். அழாதே என்று ஒருத்தரும் ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆட்ரி லார்டின் 'த கேன்சர் ஜர்னல்ஸ்' படித்துக்கொண்டிருந்தேன். 1980இல் வந்த புத்தகம். மார்பை எடுத்த பத்து நாளில் பேட் வைக்காமல் டாக்டரைப் பார்க்கப் போகிறார். இப்படி வந்தால் இங்கே எல்லோர் உற்சாகமும் கெட்டுப்போகும் என்கிறார் நர்ஸ். லார்ட் கொதித்துப்போகிறார். படித்த வேகத்தில், சித்தியின் பேட் ஒரு சமரசம் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். (இருபத்திரண்டு வயசில் அப்படித்தான் முடிவு கட்ட வரும்.) மறுபடி படித்தபோதுதான் விளங்கியது: அவருக்கு ஸ்பாஞ்சோடு சண்டை இல்லை. மற்றவர்கள் நிம்மதியாக இருக்க நீ முழுசாக இருப்பதுபோல் காட்டு என்கிறார்களே, அதோடுதான். அவரைத் தாங்கியதும் சுற்றி இருந்த பெண்கள்தான்.

அந்த நர்ஸின் வேலையை எங்கள் வீட்டில் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது கீமோ முடிந்து சித்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஒரு நாள், "சிரிச்சிகினே இரு சித்தி, அதான் பாதி மருந்து" என்றேன். அவள் திரும்பவில்லை. "நான் சிரிச்சாதான்டி நீங்கல்லாம் சோறு துன்றீங்க. இன்னிக்கு முடியல. நீயே போட்டுத் துன்னு."

சிகிச்சை முடிந்த பிறகு இன்னசென்ட் கதையை அவளுக்குச் சொன்னேன். ஆலீஸுக்கும் வந்தது என்று சொன்னதும் கை வேலையை நிறுத்தினாள்.

"அந்தம்மா இன்னா சொல்லி சிரிச்சாங்களாம்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.